லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமென்ட்: முதலில் கேட்ட நாள், மறக்காத ஓர் இடம். எழுதுங்கள்

தாம்வே தம்பி

ஆல்பத்தைப் பற்றி இங்கே யாருக்கும் அறிமுகம் வேண்டாம். 1998, பாடகர் இல்லாத ராக் வாத்திய இசை; டிரம்ஸ் போர்ட்னாய், கிதார் பெட்ரூச்சி, பேஸ் லெவின், கீபோர்டு ரூடஸ். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

2001, ரங்கூன், கொட்டும் மழைக்காலம். பெரியப்பா மகன் அண்ணன் அப்போது கல்யாண மேடைகளில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். எல்லாம் காப்பி தச்சின்தான், இங்கிலீஷ் மெட்டுக்குப் பர்மியச் சொல். அனோரதா சாலையை ஒட்டி ஒரு கடையில் சொல்லிவைத்தால் சிடி காப்பி போட்டுக் கொடுப்பார்கள். அங்கிருந்துதான் இது வந்தது. அட்டை இல்லை, உள்ளே புத்தகம் இல்லை. வெள்ளைத் தட்டில் நீல மார்க்கரில் பேர் மட்டும். அசல் சிடியில் ஓர் எச்சரிக்கை போட்டிருந்தார்கள்: பொறுமை இல்லாதவர்கள் எட்டாவது பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று. அது எங்கள் கைக்கு வரவே இல்லை. அதனால் ஒன்பதாவதுக்குள் அப்படியே போய்விட்டோம்.

'த்ரீ மினிட் வார்னிங்'. பேர் மூன்று நிமிஷம், ஓடுவது இருபத்தெட்டு. நாலு பேரும் முன்கூட்டி எதுவும் எழுதிவைக்காமல் ஸ்டூடியோவில் நின்று வாசித்தது. அன்றைக்கு வீட்டில் கரண்ட் இல்லை. கார் பேட்டரியில் இன்வர்ட்டர் மாட்டிப் பிளேயர் ஓடுகிறது, ஒரு மெழுகுவர்த்தி. வாத்தியங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலே மேலே போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று நின்றது. சுத்தமான நிசப்தம். தகரக் கூரையில் மழை மட்டும் கேட்கிறது. நான் வாயைத் திறந்தேன். அண்ணன் கையைத் தூக்கி, "பேசாதே" என்றார். மறு விநாடி விட்ட இடத்திலிருந்து அதே வேகத்தில் வந்து விழுந்தது.

"மூச்சு எடுக்கிறாங்கடா," என்றார் அண்ணன். "கோயில்ல நாயனக்காரர் சீவாளியிலேர்ந்து வாயை எடுப்பாரே, அது மாதிரி."

அப்படி நாலு தடவை வந்தது. நாலு தடவையும் அவர் கை மேலேயே இருந்தது.

அதன் பிறகு மேடையில் அதை அவரே செய்தார். பஜன்டாவ் பக்கம் ஒரு கல்யாணம். பாட்டு ஏறிக்கொண்டிருக்கும்போது கூட்டாளிகளுக்குக் கண்ணைக் காட்டினார். எல்லாரும் நிறுத்தினார்கள். கரண்ட் போய்விட்டதென்று பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் விளக்கை அண்ணாந்து பார்த்தார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு விநாடி. திரும்ப அவர் அடித்தபோது எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

2014இல் சிம் கார்டு எங்கள் பர்மியப் பணம் 1,500 சாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் அது நம்மைப் போன்றவர்கள் வாங்கக்கூடிய பொருளா? வாங்கின வாரமே இந்தப் பாட்டைத் தேடிப் போட்டேன். நிசப்தம் எங்கேயும் இல்லை. ஒரே ஓட்டமாக ஓடுகிறது. அசல் சிடியில் அந்த ஒரே வாசிப்பை ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை ஐந்து துண்டாக எண் போட்டு வைத்திருக்கிறார்கள், நடுவில் இடைவெளி இல்லாமல். கடைக்காரர் காப்பி போடும்போது பாட்டுப் பாட்டாக எழுதியிருக்கிறார். அப்படி எழுதினால் ஒவ்வொன்றுக்கும் நடுவே மெஷின் தானாக இரண்டு விநாடி விடும். ஐந்து துண்டு, நாலு இடைவெளி.

அண்ணன் 2006இல் பினாங்கு போனவர். தீபாவளிக்குத் தீபாவளி பேசுகிறோம். இதை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை.

மோல்மேன் மருமகள்

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்னுடையது இரண்டாவது ஆல்பம்.

எனக்கு ராக்கெல்லாம் தெரியாது, வீட்டுக்காரர்தான் பைத்தியம். 2009இல் தலைப்பிரசவம். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள், உள்ளே கட்டில் காலியில்லை. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் எம்பி3 பிளேயரின் ஒரு முனையை என் காதில் வைத்தார், மற்றது அவர் காதில். பதினேழு நிமிஷப் பாட்டு. அது முடிவதற்குள் எனக்கு மூன்று வலி வந்து போனது. மூன்றாவது வலியில் பியானோ தனியாக வந்தது. அவர் முழங்கையைப் பிடித்திருந்தேன், நகம் பதிந்த தழும்பு இன்னும் அவர் கையில் இருக்கிறது.

பிள்ளை பிறந்து மாதக்கணக்கு ஆன பிறகுதான் பேரைச் சொன்னார். 'வென் தி வாட்டர் பிரேக்ஸ்'. பனிக்குடம் உடையும்போது! 1998 அக்டோபரில் ரெக்கார்டிங் நடக்கும்போதே பெட்ரூச்சி மனைவிக்கு வலி எடுத்து, கிதாரை வைத்துவிட்டு அவர் ஓடியிருக்கிறார். மற்ற மூன்று பேரும் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஆல்பத்திலேயே '914' என்று ஒன்று கிதார் இல்லாமல் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். எனக்கு இப்போது அதுதான் உயிர். ஓர் ஆளுக்கு இடம் விட்டு வாசிக்கிற மாதிரி இருக்கும். எல்லாரும் கிதார் வேகத்தைத்தான் பேசுகிறார்கள். அந்த மனுஷன் எழுந்து போனதைப் பற்றி யாராவது பேசுகிறார்களா?

பெகு தாளம்

தாம்வே தம்பி, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் நீங்கள் கேட்டது அந்த ஆல்பமே இல்லை. காப்பி மெஷினின் கோளாறைக் கேட்டிருக்கிறீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் தாளத்தை நடுவில் வெட்டினால் அது மூச்சு ஆகாது. நான் 2016இல் ஒரு டீக்கடையில் ஃபோனில் கேட்டேன், பத்து நிமிஷத்தில் லப்பெயே, அதான் டீ, ஆறிப்போனதும் எழுந்து போனேன், பிறகு வீட்டில் முறையாகக் கேட்டபோதுதான் பிடிபட்டது. என் கதை அவ்வளவுதான்.

கேட்கும் முறையைச் சொல்கிறேன், புதியவர்களுக்கு உதவும். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பாதி வாத்தியம் காணாமல் போகும். டோனி லெவின் பேஸ் மட்டும் வாசிப்பவர் இல்லை, சேப்மேன் ஸ்டிக் வாசிக்கிறார். எம்மெட் சேப்மேன் கண்டுபிடித்து 1974இல் விற்பனைக்கு வந்த கருவி. அதில் மீட்டுகிற கை என்று ஒன்றே கிடையாது. வீணையில் இடது கை மெட்டின்மேல் அழுத்துகிறதே, அதுபோல இரண்டு கையும் தந்திமேல் தட்டித் தட்டியே நாதம் எழுப்பும். கீழ்ச் சுருதியும் மேல் சுருதியும் ஒரே ஆளிடமிருந்து ஒரே சமயத்தில் வரும். அதைப் பிரித்துக் கேட்க நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். முதலில் 'ஸ்டேட் ஆஃப் கிரேஸ்' போடுங்கள். கிதாரும் கீபோர்டும் மட்டும், அமைதியானது. அதற்குப் பிறகு 'பாரடைம் ஷிஃப்ட்'. ஏழு எண்ணிக்கை வரும் இடங்களில் மேல்நாட்டுக் கணக்கில் திணறாதீர்கள், மிஸ்ர சாபு தெரிந்தால் த-கி-ட த-க-தி-மி என்று தொடையில் தட்டினாலே உட்கார்ந்துவிடும். கடைசி வாசிப்பைக் குறைந்தது நாலாம் தடவை வரைக்கும் தொடாதீர்கள். பேட்டரியில் ஓட்டுபவர்கள் சைன் வேவ் இன்வர்ட்டர் வாங்குங்கள், சாதா இன்வர்ட்டரில் ஒரு ரீங்காரம் கூடவே வரும். இந்த ஆல்பத்தில் ரூடஸோடு ஒட்டிக்கொண்டதால்தான் 1999இல் அவரைப் போர்ட்னாய், பெட்ரூச்சியின் சொந்தக் குழுவான டிரீம் தியேட்டரே எடுத்துக்கொண்டது, அந்தக் கோணத்தில் இரண்டு குழுவையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிடுங்கள்.

அண்ணனிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். பொய்யான பாடத்தில் ஒருவர் கை ஓடிக்கொண்டிருப்பது சரியில்லை. சகோதரி, பிரசவ வலியில் காதில் பாட்டு மாட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை, டாக்டர் கூப்பிடுவது கேட்க வேண்டும்.

மோல்மேன் மருமகள்

ஒரு காதில்தான் ஐயா. மற்றக் காதில் டாக்டரும் மாமியாரும் இருந்தார்கள்.

சிரியம் பையன்

கோளாறா மூச்சா என்பது கிடக்கட்டும், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பர்மியத் தாத்தா சைங் வாசிப்பவர். வட்டமாக இருபத்தொரு மத்தளம், நடுவில் அவர். சோற்றையும் சாம்பலையும் பிசைந்து ஒவ்வொரு மத்தளத்தின் முகத்திலும் அப்பி அப்பிச் சுருதி கூட்டுவார். அந்த வேலை நடக்கும்போது பிள்ளைகள் யாரும் கிட்டே போக முடியாது. ஒரு நாள் அவர் அதைச் செய்துகொண்டிருக்கும்போது எங்கள் வீட்டில் 'பாரடைம் ஷிஃப்ட்' ஓடுகிறது. வேகம் திடீரென்று மாறும் இடம் வந்ததும் தாத்தாவின் கை நின்றது. விரலில் சோற்றுப் பசை ஒட்டியபடியே வாசலுக்கு வந்து நின்றார். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே கேள்வி: "இதில் சைங் சயா யார்?"

சைங் கோஷ்டியில் மத்தள வட்டத்துக்குள் உட்காருபவர்தான் தலைவர். அவர் ஒரு தட்டுத் தட்டினால் ஊதுகிறவரும் கோங் அடிப்பவரும் அந்தப் பக்கம் திரும்புவார்கள். நான், "டிரம்ஸ் அடிப்பவர்தான் தாத்தா. கம்பெனிக்காரர்கள் அவரைக் கேட்டார்கள், அவர்தான் மற்றவர்களைச் சேர்த்தார்" என்றேன். தாத்தா தலையை ஆட்டினார். "தெரிந்தது," என்றார். உள்ளே போய் வேலையைத் தொடர்ந்தார்.

பேர் தெரியாது, ஊர் தெரியாது, வாத்தியமே அவருக்குப் புதிது. யார் கூப்பிடுகிறார், யார் திரும்புகிறார் என்பது மட்டும் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு நான் இந்த ஆல்பத்தை வேறு விதமாகக் கேட்டதே இல்லை. பெகு அண்ணன் ஹெட்ஃபோன் சொல்கிறார். தாத்தா கேட்டது ஓட்டை ஸ்பீக்கரில், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

பெகு தாளம்

சைங் சயாவுக்கு அறுபது வருஷக் காது, தம்பி. புதிதாகக் கேட்பவர்களுக்கு எழுதினேன். 2007இல் அந்த மூன்று பேர் வாசிப்பு மட்டும் லிக்விட் ட்ரையோ எக்ஸ்பெரிமென்ட் என்ற பேரில் தனியாக வந்தது, சகோதரி அதைக் கேட்க வேண்டும். 914 பிடித்தவருக்கு அது பெரிய விருந்து.

டவுங்கூ மாமா

இவ்வளவு நாள் படித்துவிட்டுப் போகிறவன் நான். இன்றைக்கு எழுதியாக வேண்டும்.

தாம்வே தம்பி, நீல மார்க்கர் என்றீர்களே, எக்ஸ்பெரிமென்ட் என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்குமா? 2001 கடைசியில் ரங்கூன் வந்தபோது அதே பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். என் தட்டிலும் நாலு இடைவெளி. மூன்றாவது இடைவெளி முடிகிற இடத்தில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும், நகத்தால் மேஜையைத் தட்டினாற்போல. ஒன்றிரண்டு வருஷம் அந்த டக்குக்காகவே காத்திருந்து கேட்பேன். பிறகு அசலைக் கேட்டபோது அந்த இடத்தில் என் கழுத்து தானாக முன்னால் போய் நின்றது. ஒன்றும் வரவில்லை, வாசிப்பு பாட்டுக்குப் போய்விட்டது.

உங்கள் தட்டிலும் அது உண்டா?

தாம்வே தம்பி

உண்டு. எழுத்தும் விட்டுப்போயிருக்கிறது. இப்போதுதான் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

அந்த டக்கை அண்ணன் ரிம்மில் குச்சியால் வாசிப்பார். கல்யாணப் பந்தலிலும் வாசித்தார். நிறுத்தம், டக், அப்புறம்தான் அடி.

இன்றைக்கு எங்கள் பக்கம் கரண்ட் முறை ராத்திரி ஒன்பது மணிக்கு. அண்ணனுக்கு அங்கே பத்தரை, தூங்கியிருக்க மாட்டார். தெருவில் 'மீ லாபி', கரண்ட் வந்துவிட்டது என்று கத்தினதும் அண்ணனைக் கூப்பிடுவேன். எதையும் சொல்லப் போவதில்லை. ஒன்பதாவதைப் போட்டு, ஃபோனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்கப் போகிறேன்.