உதவி: நாலு கால் ரோபோ பாதி ரவுண்டில் பின்னங்காலை மடக்கி உட்கார்ந்துவிடுகிறது

கல்பட்டறை_பர்கூர்
அவசரம் நண்பர்களே, நாளை மறுநாள் முதலாளி அவருடைய பங்குதாரரைக் கூட்டிவந்து காட்டப்போகிறார். எங்கள் கிரானைட் யூனிட்டில் ராத்திரி ரவுண்டுக்கு வாங்கிய நாய் ரோபோ கொஞ்ச நேரம் ஜம்மென்று நடக்கிறது, அப்புறம் கம்ப்ரசர் ரூமில் போய் நின்றதும் பின்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிடுகிறது. ஆஃப் செய்து சிறிது நேரம் விட்டு ஆன் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல் எழுந்து நடக்கிறது. பேட்டரி ஃபுல். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓசூர்_பேனல்
என்ன மாடல்? முதுகில் என்ன ஏற்றியிருக்கிறீர்கள்? ஆப்பில் என்ன எர்ரர் காட்டுகிறது? எதுவும் சொல்லாமல் சீக்கிரம் சொல்லுங்கள் என்றால் எப்படி?

அரூர்_பேட்டரி
பேட்டரிதான், சந்தேகமே வேண்டாம். 100 காட்டினாலும் செல் பழசாகியிருந்தால் லோடு ஏறும்போது வோல்டேஜ் படுத்துவிடும். என் கடைக்கு வரும் இ-ஸ்கூட்டர்களில் தினமும் பார்க்கிறேன்.

சர்வோசாமி
மேலே பின் செய்து வைத்திருக்கும் பதிவை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. பன்னிரண்டு மோட்டார் உள்ள மெஷினை வாங்குகிறவர் டார்க், அதாவது மூட்டைத் திருப்பும் விசை, என்றால் என்ன என்றாவது தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் தம்பி. மெஷின் தானே பதிவு செய்துவைக்கும் லாக் ஃபைலை எடுத்துப் போடுங்கள், அதுவரை இங்கே எல்லோரும் ஜோசியம்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கல்பட்டறை_பர்கூர்
மாடல் பெயர் போட்டால் விற்றவர் சண்டைக்கு வருவார், பழசாகத்தான் வாங்கினோம். பதினைந்து கிலோ வகை. முதுகில் சூட்டைப் படம் பிடிக்கும் தெர்மல் கேமராவும் அதற்கு ஒரு பவர் பேங்கும்தான், வேறொன்றும் இல்லை. எர்ரர் சீனத்தில் வருகிறது. லாக் ஃபைல் எங்கே இருக்கும் சார்?

தென்பெண்ணை
அண்ணா, உள்ளே ஓடும் சாஃப்ட்வேருக்கு, அதாவது ஃபர்ம்வேருக்கு, அப்டேட் போட்டுப் பாருங்கள். எங்கள் கல்லூரி லேபில் உள்ளதும் இப்படித்தான் அடம்பிடித்தது, அப்டேட் போட்டதும் சரியாகிவிட்டது.

ஓசூர்_பேனல்
டெமோவுக்கு முன்னால் ஃபர்ம்வேரைத் தொடாதீர்கள், இருப்பதும் போய்விடும். கல்பட்டறை, இன்னும் நாலு கேள்வி. கேமராவும் பவர் பேங்கும் மொத்தம் எத்தனை கிலோ, முதுகில் முன்பக்கமா பின்பக்கமா? கம்ப்ரசர் ரூமில் எவ்வளவு நேரம் நிற்கிறது? ஷெட்டுக்குள் வெயில் எப்படி? உடம்பின் உயரத்தை ஆப்பில் மாற்றினீர்களா?

கல்பட்டறை_பர்கூர்
எடை போட்டுப் பார்க்கவில்லை. இரும்பு பிராக்கெட் நம் வெல்டரே செய்தது, கொஞ்சம் கனம்தான், வால் பக்கம் வைத்திருக்கிறோம், பவர் பேங்க் வலது ஓரம். கம்ப்ரசர், டிரான்ஸ்ஃபார்மர், மூன்று பேனல் போர்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் நாலைந்து நிமிடம் நின்று படம் எடுக்கும். தகர ஷெட், இப்போது ராத்திரியிலும் அனல் அடிக்கிறது. உயரம் குறைத்துத்தான் வைத்திருக்கிறோம், கட்டிங் தண்ணீரும் கல் மாவும் சேர்ந்து தரை முழுக்க சேறு, நிமிர்ந்து நடந்தால் வழுக்குகிறது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஓசூர்_பேனல்
அதுதான் சம்பந்தமே! பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முட்டியை மடக்கி நாற்காலி இல்லாமலே உட்கார வைப்பாரே, உங்கள் மெஷின் ராத்திரி முழுக்க அந்தத் தண்டனையில்தான் நிற்கிறது.

இந்த வகை ரோபோவின் மூட்டில் பிரேக் கிடையாது. நின்றுகொண்டிருந்தாலும் மோட்டார் கரண்ட் இழுத்துத்தான் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும், அந்தக் கரண்ட் அத்தனையும் சூடாகத்தான் போகும். கியர் விகிதமும் குறைவு. 2019இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் காட்டிய மினி சீட்டா என்ற நாலு கால் ரோபோவில் ஒன்றுக்கு ஆறுதான், மூட்டு ஒரு சுற்றுக்கு மோட்டார் ஆறு சுற்று. அப்படி வைத்தால்தான் கால் தரையை மோட்டார் வழியாகவே உணரும், குதித்து இறங்கினாலும் கியர் பல் உடையாது. ஆனால் நிற்கும்போது முழுப் பாரமும் மோட்டார் சுருள் தலையில். முட்டி எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு டார்க் கேட்கும். டார்க் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. அதில் வால் பக்கம் இரும்பு வேறு. ஒரு அளவுக்கு மேல் சூடானால் மோட்டாரைக் காப்பாற்ற அதுவே பவரைக் குறைத்துவிடும், உடனே உட்கார்ந்துவிடும். ஆற விட்டதும் நடக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆப்பில் ஒவ்வொரு மூட்டின் வெப்பநிலையும் தெரியும், பின்னங்கால் முட்டியைப் பாருங்கள்.

அரூர்_பேட்டரி
ஆற விட்டால் பேட்டரி வோல்டேஜும்தான் ஏறும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி
கேட்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். பேனல் போர்டு சூட்டைப் பார்க்க எதற்கு நாய்? போர்டுக்கு ஒரு கேமரா ஆணி அடித்து மாட்டினால் முடிந்தது. இல்லை, சக்கர வண்டி விடலாம். அந்தக் காசில் ஒரு வாட்ச்மேனுக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கலாம்!

தென்பெண்ணை
சக்கரம் கேபிள் டிரெஞ்சில் மாட்டிக்கொள்ளும் அண்ணா. படிக்கட்டும் ஏறாது. இங்கிலாந்தில் ஹாம்ஸ் ஹாலில் உள்ள பிஎம்டபிள்யூ என்ஜின் தொழிற்சாலையில் பாஸ்டன் டைனமிக்ஸ் கம்பெனியின் ஸ்பாட் என்ற நாய் ரோபோதான் ரவுண்டு போகிறது. மெஷின் சூட்டைப் பார்க்கிறது, காற்றுக் குழாய்க் கசிவைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறது.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி
பிஎம்டபிள்யூவுக்குக் கட்டுப்படியாகும் தம்பி. ஸ்பாட் 2020இல் விற்பனைக்கு வந்தபோதே 74,500 டாலர். பர்கூர் கல்பட்டறைக்கு?

சர்வோசாமி
விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வரலாற்றையும் பார்க்க வேண்டும். அதே பாஸ்டன் டைனமிக்ஸ் செய்து 2005இல் வந்த பிக்டாக் ரோபோ, அதற்கு அடுத்து எல்எஸ்3, எல்லாம் அமெரிக்க ராணுவப் பணத்தில் வளர்ந்தவை. மூட்டை சுமக்கச் செய்த எல்எஸ்3யை மரைன் படை 2015இல் ஓரம் கட்டியதற்குக் காரணம் என்ஜின் சத்தம். எதிரிக்கு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். முழுக்க பேட்டரி, மின் மோட்டார் என்று மாறியபோதுதான் தொழிற்சாலைக்குள் வரவே வழி பிறந்தது. நம் ராணுவமும் 2025 ஜனவரியில் புனேயில் ராணுவ தின அணிவகுப்பில் மியூல் என்று நாலு கால் ரோபோக்களை நடக்க விட்டது.

தென்பெண்ணை
பெங்களூரு ஐஐஎஸ்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஸ்டோக் என்று ஒரு நாலு கால் ரோபோவை நம் ஆட்களே செய்திருக்கிறார்கள் சார், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சர்வோசாமி
ஆராய்ச்சி வேறு, கடையில் வாங்கும் பொருள் வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் இங்கே பாதிப் பேர் பேசுகிறார்கள்.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி
கேட்டவர் போய்ச் சேர்ந்தாரா, இருக்கிறாரா என்றே தெரியவில்லை, நாம் அணிவகுப்பு பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஓசூர்_பேனல்
கல்பட்டறை, டெமோவுக்கு முன்னால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரும்பைக் கழற்றிவிட்டு அலுமினியத் தகட்டில் பிராக்கெட் போடுங்கள். கேமராவையும் பவர் பேங்கையும் முதுகின் நட்டநடுவில் வையுங்கள். உடம்பை உயர்த்துங்கள். படம் எடுக்கும் இடங்களில் நாலு நிமிடமெல்லாம் வேண்டாம், அரை நிமிடம் போதும். நின்றே ஆக வேண்டும் என்றால் படுக்கும் கமாண்ட் கொடுங்கள், படுத்துவிட்டால் மோட்டாருக்கு வேலையில்லை. வழுக்குவதற்கு மருந்து உயரத்தைக் குறைப்பதல்ல. பாதத்தில் உள்ள ரப்பர் குமிழைத் திருப்பிப் பாருங்கள், கல் மாவு அப்பிப் பீங்கான் போல் வழவழவென்று இருந்தால் கழுவுங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். நாய் போகும் பாதையில் மட்டுமாவது வைப்பர் போட்டுச் சேற்றைத் தள்ளச் சொல்லுங்கள்.

கல்பட்டறை_பர்கூர்
வலது பின் முட்டி 90க்கு மேல் காட்டியது, மற்றதெல்லாம் 60 பக்கம். பிராக்கெட்டைக் கழற்றிக் கேமராவை நடுவில் டேப் போட்டு ஒட்டிவிட்டோம், உயரமும் ஏற்றியாகிவிட்டது. இன்று முழு ரவுண்டு போய் வந்தது. நன்றி பேனல் அண்ணா. முதலாளி கூப்பிடுகிறார், வருகிறேன்.

அரூர்_பேட்டரி
பவர் பேங்கை நகர்த்தியதும் சரியாகிவிட்டது என்றால் நான் சொன்ன இடத்துக்குத்தானே வருகிறோம்.

ஓசூர்_பேனல்
அது கேமராவுக்கான பவர் பேங்க் ஐயா. கல்பட்டறை, வலது ஒன்று மட்டும் இவ்வளவு சூடு என்றால் அந்த மூட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கரகரவென்றால் பேரிங்குக்குள் கல் மாவு போயிருக்கும், டெமோ முடிந்ததும் பிரித்தாக வேண்டும்.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி
சரி, சும்மா ஒரு சந்தேகம். எங்கள் ஆலையில் சீசனில் தினமும் ஹோஸ் பிடித்துத் தரையைக் கழுவுவோம். அங்கே இது தாங்குமா?

ஓசூர்_பேனல்
இந்தச் சின்ன வகையெல்லாம் தாங்காது. தூசி, தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஐபி என்று ஒரு எண் உண்டு. சுவிட்சர்லாந்துக்காரர்களின் ஏனிமல் ரோபோ ஐபி67, தண்ணீர் பட்டாலும் நடக்கும். ஸ்பாட் ஐபி54, தெறிக்கும் தண்ணீர் வரைதான். உங்களுக்கு, நீங்கள் முதலில் சொன்ன மாதிரியே, கேமராவை ஆணி அடித்து மாட்டுங்கள்.