மூடிலில் 240 பேரை நான்கு குரூப்பில் ஒரே தடவையில் சேர்க்க வழி உண்டா?

லேப்_மேடம்:
வணக்கம். பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்கு சி புரோகிராமிங் லேப் எடுக்கிறேன். ஏ முதல் டி வரை நான்கு செக்‌ஷன், மொத்தம் 240 பேர். எல்லாருக்கும் மூடில் (கல்லூரியின் ஆன்லைன் பாடத் தளம்) லாகின் இருக்கிறது, ஆனால் என் கோர்ஸில் இன்னும் யாரும் இல்லை. செக்‌ஷனுக்கு ஒரு குரூப் வேண்டும். லேப் பார்க்கும் நான்கு பேரும் அவரவர் பிள்ளைகளின் ரெக்கார்டை மட்டும் திருத்தினால் போதும். குரூப்ஸ் பக்கத்தில் இருக்கும் இம்போர்ட்டில் ஃபைலைப் போட்டால் நான்கு குரூப்பும் வருகின்றன, உள்ளே ஒரு ஆள் இல்லை. எனக்கு டீச்சர் ரோல்தான்.

பழைய_அட்மின்:
மேடம், அந்த இம்போர்ட் குரூப்பை உருவாக்க மட்டும்தான், ஆளைச் சேர்க்காது. உங்களுக்கு வேண்டியது ‘அப்லோட் யூசர்ஸ்’. அது அட்மின் கையில் இருக்கும், அதனால் சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை) நீங்கள் எக்செல்லில் தயார் செய்து அவரிடம் கொடுங்கள்.

மூன்றே காலம் (நெடுவரிசை): யூசர்நேம், கோர்ஸ்1, குரூப்1. தலைப்புகளை ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள். கோர்ஸ்1-இல் கோர்ஸின் ஷார்ட் நேம் வர வேண்டும், முழுப் பெயர் இல்லை. பாதிப் பேர் இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்பார்கள். குரூப்புக்கு வெறும் 1, 2 என்று பெயர் வைக்காதீர்கள். எண்ணைப் பார்த்தால் மூடில் அதைக் குரூப்பின் ஐடி என்று எடுத்துக்கொள்ளும். ‘செக்‌ஷன் ஏ’ என்றே இருக்கட்டும்.

ஏற்றும்போது ‘அப்டேட் எக்ஸிஸ்டிங் யூசர்ஸ் ஒன்லி’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முதலில் நிற்பது ‘ஆட் நியூ ஒன்லி’; அதை அப்படியே விட்டால் ஏற்கெனவே கணக்கு உள்ள 240 பேரையும் தாண்டிப் போய்விடும். முதலில் இரண்டே வரி போட்டுப் பார்க்கட்டும்.

லேப்_மேடம்:
நன்றி சார். யூசர்நேம் எல்லாம் 12 இலக்கப் பதிவு எண். எக்செல்லில் 7.1இ+11 மாதிரி ஏதோ காட்டுகிறதே?

பழைய_அட்மின்:
எக்செல்லின் பழைய வியாதி. எண்களை ஒட்டுவதற்கு முன்னாலேயே யூசர்நேம் நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். அப்படியே சிஎஸ்வி ஆக்கினால் அந்த இ+11 தான் ஃபைலில் போய் உட்காரும். சேமித்த பிறகு நோட்பேடில் திறந்து பாருங்கள்; சிஎஸ்வியை மறுபடி எக்செல்லில் திறந்தால் பழைய கதைதான்.

கரூர்_வாத்தியார்:
எங்கள் அட்மின் பதில் சொல்வதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும். நான் செல்ஃப் என்ரோல்மென்ட்டில் (மாணவர்களே கோர்ஸில் சேரும் வழி) ‘குரூப் என்ரோல்மென்ட் கீ’யை, அதாவது குரூப்புக்கான கடவுச்சொல்லை, ஆன் செய்து, செக்‌ஷனுக்கு ஒரு கீ கொடுத்துவிடுவேன். பிள்ளைகள் அடித்ததும் கோர்ஸிலும் குரூப்பிலும் சேர்ந்துவிடுவார்கள். கோர்ஸுக்கும் தனியாக ஒரு கீ போட்டு அதை யாருக்கும் சொல்லாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் குரூப் இல்லாமலே உள்ளே வந்துவிடுவார்கள். ஏ செக்‌ஷன் கீயை பி செக்‌ஷன் பையன் வாட்ஸ்அப்பில் வாங்கிப் போடுவான், அது வேறு விஷயம்.

பழைய_அட்மின்:
அதற்குத்தான் சிஎஸ்வி என்கிறேன்! மேடம், இன்னொன்று. கோர்ஸ் செட்டிங்கில் குரூப் மோடை ‘செப்பரேட் குரூப்ஸ்’ (ஒரு குரூப்புக்கு இன்னொன்று தெரியாது) ஆக்கினாலும் டீச்சர் ரோலில் இருப்பவருக்கு எல்லாக் குரூப்பும் தெரியும். லேப் பார்க்கும் நால்வரையும் ‘நான்-எடிட்டிங் டீச்சர்’ (திருத்தி மதிப்பெண் போடலாம், கோர்ஸை மாற்ற முடியாது) ஆக்கி, அவரவர் குரூப்பில் சேருங்கள். அதே ஃபைலில் ரோல்1 என்று ஒரு காலம் சேர்த்து, அவர்கள் வரியில் மட்டும் ‘டீச்சர்’ என்று ஆங்கிலத்தில் போட்டால் போதும். மூடில் கணக்கில் அந்தச் சொல் நான்-எடிட்டிங்கைத்தான் குறிக்கும். முழு உரிமை உள்ளவர் ‘எடிட்டிங்டீச்சர்’. மாணவர் வரிகளில் ரோல்1-ஐக் காலியாக விடலாம்.