முதல் டெலஸ்கோப்: 70 மிமீ, 114 மிமீ, 150 மிமீ, மூணுல எது?

மாடிவானம்:
வணக்கம் மக்களே. சின்ன வயசுலேர்ந்து இருக்கற ஆசை, இப்பதான் வாங்கற நிலைமைக்கு வந்திருக்கேன். எனக்கும் பத்து வயசு பொண்ணுக்கும் சேத்துதான். ரெண்டு மாசமா தேடித்தேடி பாக்கறேன், குழப்பம்தான் கூடுது. மூணு கண்ணுல பட்டுச்சு. ஒண்ணு 70 மிமீ லென்ஸ் வச்சது, ஃபோகல் லெங்த் (வெளிச்சத்த குவிக்கற தூரமாம்) 700 மிமீ, கூடவே டிரைபாட், பெட்டி மேல பெருசா 525 மடங்குன்னு போட்டிருக்கு. ரெண்டாவது 114 மிமீ, உள்ள லென்ஸுக்கு பதிலா கண்ணாடி, ஃபோகல் லெங்த் 1000 மிமீன்னு சொல்றாங்க ஆனா குழாயோட நீளமே அரை மீட்டர்தான் இருக்கு, அது எப்படின்னு புரியல. மூணாவது 150 மிமீ டாப்சோனியன், அதுவும் கண்ணாடி வச்சதுதான், டிரைபாடுக்கு பதிலா தரையில வைக்கற பெட்டி. 525 மடங்கு தர்றது சின்னதா இருக்கு, பெருசுல அவ்வளவு போடவே இல்ல, அப்ப எது நல்லது? நாங்க இருக்கறது மூணாவது மாடி, மொட்டை மாடிக்கு படி ஏறித்தான் போகணும். பொண்ணு கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், சனியோட வளையத்த அவ கண்ணால பாக்கணும்.

இரவுக்காவல்:
முதல்ல அந்த 525ஐ மறந்துடுங்க, இத ஆரம்பத்துலயே சொல்லிடறேன் ஏன்னா நிறைய பேரோட ஆசை அந்த நம்பர்லதான் உடையுது. மடங்குங்கறது டெலஸ்கோப்போட குணமே இல்ல, எந்த ஐபீஸ, அதாவது கண்ண வச்சு பாக்கற சின்ன லென்ஸ, மாட்டறீங்களோ அதப் பொறுத்தது. ஃபோகல் லெங்த்த ஐபீஸோட மிமீயால வகுத்தா வர்றதுதான் மடங்கு. உங்க 700ல 20 மிமீ ஐபீஸ் மாட்டினா 35 மடங்கு, 10 மிமீ மாட்டினா 70. அப்ப 525 எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 4 மிமீ ஐபீஸுக்கு 175, அதுக்கு முன்னாடி மடங்க இன்னும் மூணால பெருக்கற பார்லோ லென்ஸ் ஒண்ணு சொருகினா 525. கணக்கு சரிதான், ஆனா பாக்க ஒண்ணும் இருக்காது. லென்ஸ் உள்ள விடற வெளிச்சம் அதேதான், அத இழுத்து இழுத்து பரப்பினா படம் மங்கி கலங்கித்தான் போகும். பொதுவா முன்னாடி இருக்கற லென்ஸோ கண்ணாடியோ, அதோட விட்டத்தோட மிமீய ரெண்டால பெருக்கிக்கோங்க, அதுதான் எல்லை. 70 மிமீக்கு 140 மடங்கு, அதுவும் காத்து அசையாம வானம் நிதானமா இருக்கற ராத்திரியில. கலிலியோ 1610 ஜனவரியில வியாழனோட நாலு நிலாவ கண்டுபிடிச்சது சுமார் 20 மடங்கு தர்ற குழாய வச்சுதான்.

நீங்க பாக்க வேண்டியது விட்டம். வெளிச்சம் விட்டத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால 150 மிமீ, 70 மிமீய விட ரெண்டு மடங்கு இல்ல, கிட்டத்தட்ட நாலரை மடங்கு வெளிச்சம் வாங்கும். நெபுலாங்கற வாயு மேகம், நட்சத்திரக் கொத்து மாதிரி மங்கலான பொருளுக்கெல்லாம் இந்த வித்தியாசம்தான் உயிர்.

அப்புறம் அந்த 114, தயவுசெஞ்சு வேண்டாம். அரை மீட்டர் குழாய்ல 1000 மிமீ வருதுன்னா, ஐபீஸ் மாட்டற இடத்துக்கு உள்ள ஒரு சின்ன லென்ஸ வச்சு ஃபோகல் லெங்த்த நீட்டியிருக்காங்கன்னு அர்த்தம், பேர்ட் ஜோன்ஸ்னு சொல்ற அமைப்பு. நல்லா செஞ்சா வேலை செய்யும், ஆனா விலை குறைஞ்ச மாடல்ல அந்த லென்ஸ் தரமா இருக்கறது அபூர்வம், கண்ணாடிய நேர் பண்றதும் பெரிய தலைவலி.

கார்த்திகை_ஆறு:
நான் வேற பக்கம் நின்னு பேசறேன். முதல்ல ஒரு 10க்கு 50 பைனாகுலர் வாங்குங்க, அதாவது 10 மடங்கு, 50 மிமீ லென்ஸ். ரெண்டு கண்ணாலயும் பாக்கலாம், படம் தலைகீழா வராது, எங்க திருப்பறோமோ அங்கதான் தெரியும். கார்த்திகைக் கூட்டம் வெறும் கண்ணுக்கு ஆறு நட்சத்திரம், அதுல டஜன் கணக்குல விரியும், உண்மையச் சொன்னா அது டெலஸ்கோப்ப விட பைனாகுலர்லதான் அழகு, ஏன்னா மொத்தமும் ஒரே பார்வையில அடங்கும். திருவாதிரைக்கு பக்கத்துல வரிசையா மூணு நட்சத்திரம் இருக்கும் பாருங்க, அதுக்கிட்ட வாள் மாதிரி தொங்கற இடத்துல ஓரியன் நெபுலா ஒரு புகை மாதிரி தெரியும். இருட்டான ஊருக்குப் போனா ஆண்ட்ரோமீடா கேலக்ஸியும் உண்டு, 25 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி கெளம்பின வெளிச்சம் அது. பாய் போட்டு படுத்துட்டு முழங்கைய உடம்போட ஒட்டி வச்சு பாருங்க, ஆட்டம் பாதியா குறையும்.

ஆனா பொண்ணுக்கு வளையம்தான் வேணும்னா இது பத்தாது, 10 மடங்குல சனி ஒரு மஞ்சப் பொட்டு மாதிரிதான் இருக்கும். 30 மடங்குக்கு மேல போனாத்தான் வளையம் தெரியும்.

நிலாத்தடம்:
ரெண்டு பேரும் ஸ்டாண்டப் பத்தி பேசல, அதனால வந்தேன். என்னோட முதல் டெலஸ்கோப் மாடிவானம் சொல்ற மாதிரியேதான், லென்ஸ் மோசமில்ல, கால்தான் குச்சி. 4 மிமீ ஐபீஸ மாட்டி சனிய பிடிப்பேன், ஃபோகஸ் திருகுல விரல் பட்டதும் படம் குதிக்க ஆரம்பிச்சிடும். கைய எடுத்துட்டு மூச்சக் கூட அடக்கிட்டு நிப்பேன், நாலஞ்சு செகண்ட் ஆகும் அடங்க, அடங்கினதும் பாத்தா ஃபோகஸ் இன்னும் கொஞ்சம் திருகணும், மறுபடி தொட்டா மறுபடி குதிக்கும். இதுக்குள்ள பூமி சுத்தறதுல சனி ஓரத்துக்கு போயிருக்கும், அந்த மடங்குல ஒரு நிமிஷத்துக்குள்ள பார்வைய விட்டே வெளிய போயிடும். ஒரு மாசம் இப்படி போராடிட்டு பரண்ல ஏத்திட்டேன், ரெண்டு வருஷம் எறக்கவே இல்ல. அந்த ரெண்டு வருஷம் இன்னிக்கும் மனசுல இருக்கு. அப்புறம் ஒருத்தர் சொல்லிக் குடுத்தாரு, டிரைபாட் கால நீட்டாம உக்காந்துட்டு பாரு, நடுவுல ஒரு பையில தண்ணி பாட்டில் போட்டு தொங்க விடுன்னு. அன்னிக்கு ராத்திரிதான் வளையத்துக்கும் கிரகத்துக்கும் நடுவுல கறுப்பா இடைவெளி இருக்கறத முதல் தடவையா பாத்தேன்.

டாப்சோனியன் நல்லதுங்கறதுக்கு காரணமே இதான். தரையில உக்கார்ற பெட்டி மேல குழாய், கையால தள்ளினா நகரும், விட்டா நிக்கும், செலவெல்லாம் கண்ணாடிக்கு போகுது. ஜான் டாப்சன்கறவர் தெருவுல போற வர்ற ஜனங்களுக்கு வானத்த காட்டறதுக்காக பிரபலப்படுத்தின வடிவம் அது. ஆனா உங்க மூணாவது மாடி எனக்கு உறுத்துது. 150 மிமீ குழாய் ஒரு ஆள் நெஞ்சு உயரம் வரும், குழாயும் பெட்டியும் தனித்தனியா ரெண்டு நடை தூக்கணும். முதல் மாசம் தூக்குவீங்க, அப்புறம்? மேஜை மேல வைக்கற 130 மிமீ டாப்சோனியன் இருக்கு, ஃபோகல் லெங்த் 650, ஒரே நடையில படி ஏறிடலாம். 10 மிமீ ஐபீஸ்ல 65 மடங்கு, வளையம் சின்னதா ஆனா தெளிவா தனியா தெரியும், நல்ல 2 மடங்கு பார்லோ ஒண்ணு சேத்தா 130. ஆடாத கனமான ஸ்டூல் ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, பிளாஸ்டிக் வேண்டாம்.

மாடிவானம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நிலாத்தடம், பரண் கதைய என் வீட்டுக்காரம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், அவங்களும் 130தான் சரின்னுட்டாங்க. இன்னும் மூணு சந்தேகம். எங்க பக்கம் தெருவிளக்கு வெளிச்சம் அதிகம், சனி தெரியுமா? படம் தலைகீழா வரும்னு சொல்றாங்களே அது பரவால்லயா? பழைய டெலஸ்கோப் ஒண்ணுகூட சூரியனப் பாக்க ஐபீஸ்ல திருகற கறுப்பு கண்ணாடி ஒண்ணு வந்திருக்குன்னு தெரிஞ்சவர் தர்றேங்கறாரு, வாங்கிக்கலாமா?

இரவுக்காவல்:
கடைசி கேள்விக்கு முதல்ல. வாங்காதீங்க, அவரையும் அத தூக்கிப் போடச் சொல்லுங்க. டெலஸ்கோப் குவிக்கற மொத்தச் சூடும் அந்த சின்ன கண்ணாடி மேல விழும், திடீர்னு விரிசல் விட்டா கண்ணு அந்த நொடியே போயிடும். சூரியன் பாக்கணும்னா குழாயோட முன் வாயை முழுசா மூடற, அதுக்குன்னே செஞ்ச ஃபில்டர் மட்டும்தான், குறி பாக்கறதுக்கு குழாய் மேல இருக்கற ஃபைண்டரயும் மூடி வைக்கணும். குழந்தை இருக்கற வீடு, பகல்ல டெலஸ்கோப்ப வெளிய தனியா விடவே விடாதீங்க.

தெருவிளக்கு சனிய ஒண்ணும் பண்ணாது, நிலாவையும் கிரகத்தையும் நகரத்துலேர்ந்தே நல்லா பாக்கலாம், அடிபடறது நெபுலாவும் கேலக்ஸியும்தான். தலைகீழா வர்றது வானத்துல பிரச்சினையே இல்ல, அங்க மேல கீழன்னு ஒண்ணும் இல்லயே.

பொண்ணுக்கு ஒண்ணு சொல்லி வைங்க. 2025 மார்ச்சுல வளையம் நமக்கு விளிம்பு காட்டி நின்னுச்சு, அந்த வருஷம் பாத்தவங்களுக்கு வளையம் ஒரு மெல்லிய கோடு மாதிரிதான் இருந்திருக்கும். அதுலேர்ந்து வருஷா வருஷம் விரிஞ்சிட்டு வருது, 2032 வாக்குல முழுசா விரிஞ்சு நிக்கும். பாக்கறப்பல்லாம் ஒரு நோட்டுல வரைஞ்சு தேதி போட்டு வைக்கச் சொல்லுங்க, அவ காலேஜ் போறதுக்குள்ள சனி சாயறத அவளே கையால வரைஞ்சிருப்பா.

கார்த்திகை_ஆறு:
சனிக்கு முன்னாடி நிலாவுல ஆரம்பிங்க. பௌர்ணமி அன்னிக்கு வேண்டாம், வெளிச்சம் நேரா அடிக்கறதால எல்லாம் தட்டையா இருக்கும். வளர்பிறை ஏழாவது எட்டாவது நாள், இருட்டும் வெளிச்சமும் சந்திக்கற கோட்டுல பாருங்க, பள்ளத்தோட நிழல் நீளமா விழும், மலையுச்சி மட்டும் இருட்டுக்குள்ள தனிப் பொட்டா மின்னும்.

மாடிவானம்:
130 ஆர்டர் போட்டாச்சு. பொண்ணு ஸ்டெல்லேரியம்கற வான வரைபட ஆப்ல சனி எப்ப உதிக்குதுன்னு பாத்து காலண்டர்ல எழுதிட்டா, நோட்டும் ரெடி.

நிலாத்தடம்:
சந்தோஷம்ங்க. வந்த அன்னிக்கு பகல்லயே ஃபைண்டர சரி பண்ணிடுங்க, தூரத்துல ஒரு டவர் உச்சிய ஐபீஸ் நடுவுல கொண்டாந்து, அதே உச்சியில ஃபைண்டரோட சிவப்பு புள்ளி உக்கார்ற வரைக்கும் திருகுங்க, சூரியன் இருக்கற பக்கம் மட்டும் திருப்பாதீங்க. ராத்திரி அரை மணி நேரம் முன்னாடியே மேல கொண்டுபோய் வச்சிடுங்க, கண்ணாடி வெளிச் சூட்டுக்கு வரட்டும். அப்புறம் ஒரு பிரகாசமான நட்சத்திரத்த வேணும்னே ஃபோகஸ் கலைச்சு வட்டமா ஆக்கிப் பாருங்க, நடுவுல தெரியற கறுப்புப் பொட்டு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தா கண்ணாடி நகர்ந்திருக்குன்னு அர்த்தம். அப்படி இருந்தா திருக ஆரம்பிக்காதீங்க, எப்படி தெரியுதுன்னு வரைஞ்சு இங்க போடுங்க, எந்த ஸ்க்ரூவ எவ்வளவுன்னு நான் சொல்றேன்.