மாதவிடாய் வலி: விடுதியில் இருக்கும் மகளுக்கு என்ன கொடுத்து அனுப்பலாம்?

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 19 வயது, கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மாதவிடாயின் முதல் இரண்டு நாளும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுகிறாள். மருத்துவரிடம் காட்டிவிட்டோம். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. புரோஸ்டாகிளாண்டின் என்று உடம்பிலேயே உண்டாகும் ஒரு பொருள் அதிகம் சுரந்து கர்ப்பப்பைத் தசையை இறுக்குவதால் வரும் வலிதான் என்றார். மெஃபெனமிக் அமிலம் என்ற வலி மாத்திரை கொடுத்திருக்கிறார், அதை நிறுத்தப் போவதில்லை. கூடவே சாப்பாட்டிலும் ஏதாவது செய்யலாமே என்றுதான் கேட்கிறேன்.

வீட்டில் இருந்தால் உளுந்தங்களி கிண்டிவிடுவேன். வறுத்த கறுப்பு உளுந்தும் கொஞ்சம் பச்சரிசியும் அரைத்த மாவு, கருப்பட்டிப் பாகு. கையில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை நல்லெண்ணெய் விட்டுக் கிளறி, நடுவில் குழித்து இன்னும் ஒரு கரண்டி எண்ணெய். சூடாகச் சாப்பிட்டால் அவளுக்கு இடுப்பு வலி அடங்குகிறது. ஆனால் விடுதியில் அவளிடம் இருப்பது ஒரு கெட்டில் மட்டும்தான்.

இஞ்சிப் பொடியை முதல் 3, 4 நாள், நாளுக்கு 750 முதல் 2000 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் வலி குறைந்திருக்கிறது. சுக்குப் பொடி அனுப்பினேன், வெறும் வயிற்றில் குடித்தால் நெஞ்செரிச்சல் என்கிறாள். பனங்கற்கண்டோ சோம்போ சேர்த்தால் சரியாகுமா? வெந்தயம், ஓமம் யாருக்காவது கேட்டிருக்கிறதா? எள்ளுருண்டை சாப்பிட்டால் உதிரப்போக்கு கூடும் என்று அம்மா தடுக்கிறார், உங்கள் அனுபவம் என்ன?

அந்த வயதில் இதே வலியைப் பட்டவர்கள் அவசியம் சொல்லுங்கள். அப்புறம், உளுந்து மாவை உருண்டையாகப் பிடித்து அனுப்பினால் எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?