ஒரு ரூபாய் எவர்சில்வர் நாணயம்: மிண்ட் எரரா (நாணயச்சாலையிலேயே நேர்ந்த பிழையா), பிறகு யாரோ வெட்டியதா?

கேள்வி (கரூர்_சேகரிப்பு):
1992 முதல் வந்த 25 மி.மீ. ஒரு ரூபாய் நாணயத்தில் இரண்டு, விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்றில் ஓரத்தில் பிறை வடிவில் சுமார் 14 மி.மீ. அகலம், 4 மி.மீ. ஆழத்துக்குத் துண்டு இல்லை, எடை 4.51 கிராம். இன்னொன்றில் மதிப்புப் பக்கத்தில் சிங்க முகம் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதிந்திருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

பதில் (பழனிவேல்_கே):
சரியான எடை 4.85 கிராம். ஆனால் எடையை வைத்து முடிவு செய்யாதீங்க. அரத்தால் ராவினாலும் எடை குறையும்.

தகட்டிலிருந்து வில்லை (அச்சடிக்காத வெற்று வட்டத் துண்டு) வெட்டும்போது தகடு போதிய அளவு நகராவிட்டால், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் பஞ்ச் (வெட்டும் கருவி) விழும். அதனால்தான் பிறை. அந்த ஓட்டையை வெட்டியதும் அதே அளவு பஞ்ச் என்பதால், இன்னொரு ஒரு ரூபாயை அந்தப் பிறைக்குள் வைத்தால் வளைவு கிட்டத்தட்டப் பொருந்த வேண்டும்.

அடுத்து, பிறைக்கு நேர் எதிர் விளிம்பைப் பாருங்க. வில்லையின் ஓரத்தை உருட்டி உயர்த்தும்போது பிறை இருக்கும் இடத்தில் அழுத்தம் இருக்காது. அதனால் எதிர்ப்பக்கமும் சரியாக எழும்பாமல் மழுங்கியிருக்கும். இது இருந்தால் வலுவான சாட்சி. இல்லையென்றால் அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லக் கூடாது.

பிறையை ஒட்டிய எழுத்துகளைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்க. வில்லை குறைபட்ட பிறகே அச்சு விழுந்திருந்தால் உலோகம் காலி இடத்தை நோக்கி ஓடி, எழுத்து கொஞ்சம் இழுபட்டு மங்கும். கத்தரித்தது போல முழு உயரத்தில் சட்டென்று முடிந்தாலோ, வெட்டுமுகத்தில் இணைகோடுகள் மின்னினாலோ வாங்காதீங்க.

பதில் (மீனா_நாணயம்):
இரண்டாவதற்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பக்கத்தில் '1', கதிர்கள், ஆண்டு எல்லாம் இருக்கிறதா?

அடித்த நாணயம் வெளியேறாமல் மதிப்புப் பக்கத்தைப் பதிக்கும் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லைக்கு அந்த அச்சு எட்டவே எட்டாது. ஒரு பக்கம் சிங்கம் ஒழுங்காகவும், மறுபக்கம் அதே சிங்கம் பள்ளமாக இடவலம் மாறியும் விழும். முழுதாக மூடியிருந்தால் மதிப்பு, ஆண்டு எதுவும் அங்கே தெரியாது. '1' மேடாக இருந்து அதன் மேல் சிங்கம் ஏறியிருந்தால், இரண்டு நாணயத்தை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) வைத்து நசுக்கியது. அப்போது '1'-இன் மேல்பரப்பு தட்டையாகிப் பளபளக்கும். பள்ளமும் மேலோட்டமாக இருக்கும். எவர்சில்வர் அவ்வளவு லேசில் பதியாது.

கேள்வி (கரூர்_சேகரிப்பு):
'1' மங்கலாகத் தெரிகிறது, மேலே தட்டையாக இருக்கிறது.

பதில் (மீனா_நாணயம்):
அப்போது நசுக்கியதுதான். முகமதிப்புக்கு மேல் ஒரு பைசா கொடுக்க வேண்டாம்.

பதில் (பழனிவேல்_கே):
முதல் நாணயத்துக்கு வெட்டுமுகத்தையும் எதிர் விளிம்பையும் சாய்வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. நேர் ஃபிளாஷில் அரம் ராவிய கோடு மறைந்துபோகும்.

ஆண்டுக்குக் கீழே நாணயச்சாலைக் குறி இல்லை என்று கூடுதல் விலை சொன்னாலும் ஏமாறாதீங்க. மும்பைக்கு வைரம், ஹைதராபாதுக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தா நாணயத்துக்குக் குறியே கிடையாது.