ஊமைப்படக் காலத்து விமான சாகசச் சுருள்களை ஏன் தேடுகிறார்கள்?

கேள்வி (ரோஸ் ஹில், மொரீஷியஸ்):
வணக்கம். எங்கள் பாட்டனார் வீட்டுப் பரணில், பாத்தே என்ற பிரெஞ்சுத் திரைப்பட நிறுவனத்தின் 9.5 மி.மீ. அகலப் படச்சுருள்கள் சில கிடைத்தன. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பறக்கும் இரட்டை இறக்கை விமானத்தின் மேல் ஒருவர் எழுந்து நிற்கிறார், அடுத்து பிரெஞ்சு வாசகம் வருகிறது. சேகரிப்பாளர்கள் இவற்றை விரும்பித் தேடுவது பழமைக்காக மட்டும்தானா? பழைய புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கலாமா?

பதில் (போர்ட் லூயிஸ்):
தம்பி, தயவுசெய்து ஓட்ட வேண்டாம். இந்த அளவுச் சுருளில் துளைகள் ஓரத்தில் இல்லாமல், இரண்டு படச்சட்டங்களுக்கு இடையே நடுவில் ஒவ்வொன்றாக இருக்கும். பிலிம் சுருங்கியிருந்தால் புரொஜெக்டரின் கொக்கி துளையில் விழாமல் படத்தையே கிழித்துவிடும். ஸ்கேன் செய்வதே நல்லது.

பழமை மட்டும் காரணமில்லை. அந்தக் காலத்தில் விமானக் காட்சி என்றால், பெரும்பாலும் யாரோ ஒருவர் உண்மையாகவே வானில் இருந்தார் என்று பொருள். 1927-இல் வெளிவந்த 'விங்ஸ்' படத்தின் இயக்குநர் வில்லியம் வெல்மன் முதல் உலகப் போரில் போர் விமானியாக இருந்தவர். மேகமில்லாத வானத்தில் விமானத்தின் வேகம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், செலவு ஏறினாலும் மேகம் வரும்வரை படப்பிடிப்பை நிறுத்தி வைத்தார். விமானத்திலேயே பொருத்திய கேமராவை, பறந்துகொண்டிருந்த நடிகர்களே இயக்கினார்கள். பறக்கும் விமானத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் புகழ்பெற்ற ஓர்மர் லாக்லியர், 1920 ஆகஸ்ட் 2-ஆம் நாள் இரவுப் படப்பிடிப்பில், உடன் பறந்த மில்டன் எலியட்டோடு விழுந்து இறந்தார். அந்தப் படத்தின் பிரதி இன்று கிடைக்கவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

பதில் (வக்கோவா):
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்க ஊமைக் கதைப்படங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு அழிந்துவிட்டதாக, அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. வீட்டில் பார்ப்பதற்காகச் சுருக்கி விற்ற இத்தகைய சிறு பிரதிகளில் மட்டுமே சில படங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஆகவே உங்கள் பெட்டியை அற்பமாக எண்ண வேண்டாம். நைட்ரேட் சுருள்போலத் தீப்பிடிக்குமோ என்ற அச்சமும் வேண்டாம், 9.5 மி.மீ. பாதுகாப்பு பிலிமில் வந்தது. வாசகம் வரும் இடத்தில் ஓரத்தில் சிறு வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள்: அந்த வெட்டு வந்ததும் புரொஜெக்டர் சில நொடி தானாகவே நிற்கும், ஒரே படச்சட்டத்தில் முழு வாசகத்தையும் படித்துவிடலாம். எங்கள் மேட்டுப்பகுதி ஈரத்துக்கு, பிலிம் சிதைவதைக் காட்டும் காடி (வினிகர்) வாடை சீக்கிரம் வந்துவிடும். வாடை வரும் சுருளை மற்றவற்றோடு வைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வெட்டு இருக்கிறது, ஒரு சுருளில் காடி வாடையும் இருக்கிறது. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். பிரெஞ்சு வாசகங்களை வரிசையாக எழுதி இங்கே பதிகிறேன், எந்தப் படம் என்று கண்டுபிடிக்க உதவுங்கள்.