குளிர் உறக்கத்தில் இருந்த ஈப்பிடிச் செடியைச் செத்துவிட்டதாக நினைத்தவர்கள் இருக்கிறீர்களா? அனுபவம் சொல்லுங்கள்

பூந்தொட்டி_தோபாயோ

மூணு வருசம் ஆகியும் மனசை விட்டுப் போகல, அதான் எழுதுறேன். 2022 டிசம்பர், மகளுக்குப் பள்ளி விடுமுறை. இங்க சிங்கப்பூர்ல ஒரு நர்சரியில வீனஸ் ஃப்ளைட்ராப், அதான் ஈப்பிடிச் செடி, பாதி விலைக்குக் கிடந்துச்சு, 5 வெள்ளி. குளிர்நாட்டுச் சரக்கு, போன வாரம்தான் வந்துச்சுன்னு கடைக்காரர் சொன்னார். பூச்சி பிடிக்கிற வாய் எல்லாம் கறுத்துப் போய், நடுவுல கட்டைவிரல் நகம் அளவுக்கு ரெண்டே ரெண்டு பச்சை இலை, மண்ணோட மண்ணா ஒட்டிக் கிடந்துச்சு. மகள் ஆசைப்பட்டாள், வாங்கிட்டேன்.

காரிடார்ல வச்சு ரெண்டு வாரம் பார்த்தேன். புதுசா ஒண்ணும் வரல, இருந்த ரெண்டும் கறுத்துச்சு. சரி, முடிஞ்சுதுன்னு நினைச்சேன். தொட்டியை மட்டும் எடுத்துக்கலாம்னு செடியைப் பிடுங்கினப்போ கிழங்கு கையில உடைஞ்சுது. உள்ளே வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. உரிச்ச சின்ன வெங்காயம் மாதிரி, ஈரமா, கெட்டியா. ரெண்டு துண்டையும் கையில வச்சுக்கிட்டுக் குப்பைக் குழாய் முன்னாடி நின்னேன். "அம்மா, செத்துப் போனது ஏன் வெள்ளையா இருக்கு?"ன்னு மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியல. போட்டுட்டேன்.

அது தூங்கிக்கிட்டு இருந்துச்சுன்னு நாலு மாசம் கழிச்சுத்தான் படிச்சேன். உயிரை எல்லாம் கிழங்குக்குள்ள இழுத்து வச்சுக்கிட்டு இலையைக் கைவிட்டுடுமாம். அவ கேட்ட அந்தக் கேள்வி இன்னும் காதுல இருக்கு.

ஈசூன்_மாறன்

அக்கா, என் செடியைத் தூங்க வச்சதே நான்தான், அப்படியும் ஒண்ணு போச்சு. போன நவம்பர் மூணு செடியைப் பிடுங்கி, வேரை அலசி, கறுத்த இலையை வெட்டி, ஈர ஸ்ஃபாக்னம் பாசியில சுத்தி, ஜிப்லாக் பையில போட்டு ஃபிரிட்ஜ் காய்கறித் தட்டுல வச்சேன். 5 டிகிரி. அம்மா கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டேன், அவங்க பை மேலே "சமைக்க அல்ல"ன்னு எழுதி ஒட்டினாங்க.

வாரா வாரம் பாருன்னு எல்லாரும் சொல்வாங்க. தேர்வு வந்துச்சு, அஞ்சு வாரம் நான் பார்க்கல. ஒரு ராத்திரி பையைத் திறந்து கைப்பேசி வெளிச்சத்துல பார்த்தேன். சாம்பல் நிறத்துல பூஞ்சணம், பூனை முடி மாதிரி நேரா நின்னுச்சு, நான் மூச்சு விட்டதும் அசைஞ்சுது. விரலால கிழங்கை அமுக்கினேன், கனிஞ்ச வாழைப்பழம் மாதிரி உள்ளே போச்சு. மத்த ரெண்டும் கல்லு மாதிரி இருந்துச்சு. அம்மா ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பழைய பல்துலக்கியை எடுத்துட்டு வந்து அந்த ரெண்டையும் ஒவ்வொரு வேரா சுத்தம் பண்ணிக் கொடுத்தாங்க. கந்தகத் தூள் தூவிப் புதுப் பாசி மாத்தினேன். பாசியை நல்லாப் பிழியணும், முதல் தடவை நான் பிழியல, தப்பு அங்கதான்.

பொங்கல் முடிஞ்சு வெளியே எடுத்து ஒரு வாரம் நிழல்ல, அப்புறம் வெயில்ல வச்சேன். பதினோராவது நாள் நடுவுலேர்ந்து ஒரு முளை, சுருண்ட நத்தை மாதிரி. அதுக்கு அப்புறம் வந்த வாய்தான் இதுவரைக்கும் நான் பார்த்ததுலயே பெருசு.

பழைய_கம்பத்தான்

இதைப் படித்துவிட்டு எல்லாரும் செடியைத் தூக்கி ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என்னிடம் ஒரு ஃப்ளைட்ராப் நான்கு ஆண்டாக இருக்கிறது. ஒரு நாள்கூடக் குளிரில் வைத்ததில்லை. நம் ஊரில் ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. டிசம்பர், ஜனவரி அடைமழையில் 22 டிகிரி வந்தாலே நாம் போர்வை தேடுகிறோம். குளிர்காலம் வந்ததாகச் செடிக்குச் செய்தியே போகாதபோது அதை ஏன் இருட்டுப் பெட்டியில் அடைக்க வேண்டும்? தம்பி மாறன் மூன்றில் ஒன்றை இழந்தார். நான் ஒன்றையும் இழக்கவில்லை.

பூத்தண்டு வந்தால் இரண்டு அங்குலம் இருக்கும்போதே வெட்டிவிடுங்கள். விதை வேண்டாதவருக்குப் பூ வீண் செலவு. வெட்டிய தண்டை எறியாமல் ஈரப் பாசியில் படுக்க வையுங்கள், பல தடவை அதிலிருந்தே குட்டி முளைக்கும். இலையை அடிவெள்ளையோடு உரித்து நட்டாலும் வரும். உரம் மண்ணில் போடவே கூடாது. கடையில் விற்கும் பூச்சட்டி மண் கூடாது, பீட் பாசியும் பெர்லைட்டும் (பொரி மாதிரி இலேசான வெள்ளைக் கல்) போதும். குழந்தைகளை வாய்க்குள் விரல் விட விடாதீர்கள். உள்ளே இருக்கும் முடிகளை இருபது நொடிக்குள் இரண்டு தடவை தொட்டால் மூடிவிடும், இரை இல்லாமல் மூடித் திறப்பது அதற்கு நட்டம். பூச்சி கிடைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் மூடியே செரிக்கும்.

சிவப்புவாய்

ஐயா, மன்னிக்கணும். நாலு வருசத்துக்கு முன்னாடி வாய் எவ்வளவு பெருசு, இப்ப எவ்வளவுன்னு நீங்க சொல்லவே இல்லையே. இந்தச் செடி காட்டுல வளர்றது வட கரோலினா, தென் கரோலினா எல்லையோரம் மட்டும்தான், வில்மிங்டன் நகரத்தைச் சுத்தி உள்ள ஈரமான பைன் காடுங்க. அங்க குளிர்காலத்துல உறைபனியே விழும். மூணு, நாலு மாசம் ஓய்வெடுத்துப் பழகின உடம்பு அது. என்கிட்ட இருந்தது முதல் வருசம் நல்லா இருந்துச்சு, ரெண்டாவது வருசம் சிறுத்துச்சு, மூணாவது வருசம் வாயே இல்லாம வெறும் இலையா வந்துச்சு. ஒரு காலைல தண்ணி ஊத்தப் போனப்போ இலை எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு கிடந்துச்சு. தூக்கம் இல்லாமத்தான் போச்சுன்னு நான் நம்புறேன்.

பழைய_கம்பத்தான்

கட்டைவிரல் நகம் அளவு இருந்தது, இப்போது சுண்டுவிரல் நகம். உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆனால் எதிரே புதிய அடுக்குமாடி புளோக் எழும்பி என் காலை வெயிலை மறைத்த ஆண்டிலிருந்துதான் சிறுத்தது. வெயில் குறைவையும் தூக்கக் குறைவையும் நீங்கள் எப்படிப் பிரித்துச் சொல்வீர்கள்?

மழைநீர்_பக்கெட்

என்னுடையது சிறிய கதை. தூக்கம் கலைந்த என் சரசீனியாக்களை (இவையும் குளிர்காலத்தில் தூங்கும் பூச்சி பிடிக்கும் செடிகள்) தட்டில் தண்ணீர் வைத்து அதில் நிறுத்தியிருந்தேன். கொசு சோதனைக்கு வந்த அதிகாரி தட்டைச் சாய்த்து, வெள்ளைக் கரண்டியில் ஊற்றிக் காட்டினார். ஆறு புழுக்கள் நெளிந்தன. கீழ் வீட்டுப் பாட்டி அந்த மாதம்தான் டெங்கிக் காய்ச்சலில் மருத்துவமனையில் இருந்து வந்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இரண்டு வாரம் வேறு மின்தூக்கியில் போனேன்.

ஆகவே தயவு செய்து கேளுங்கள். தட்டுத் தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், சும்மா கொட்டினால் போகாது. ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். விளிம்பு உயரமான தட்டு வேண்டாம், ஒரு விரல் ஆழம் போதும். தண்ணீரில் கரைந்த உப்பு 50 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழே இருக்க வேண்டும், அளக்கும் கருவி மலிவாகவே கிடைக்கிறது. என் குழாய்த் தண்ணீர் 130 காட்டியது, மழைநீர் 8. மழைநீர் பிடித்தால் மூடி போட்ட வாளியில்தான் வைக்க வேண்டும். ஏர்கானில் சொட்டும் தண்ணீரைச் சிலர் ஊற்றுகிறார்கள், எண் குறைவாகத்தான் காட்டும், ஆனால் உலோகச் சுருளைக் கழுவி வருகிற நீர் என்பதால் எனக்கு மனம் வரவில்லை. தூங்கும் செடிக்குத் தட்டே வேண்டாம். பாசி தொட்டால் ஈரம் தெரிந்தால் போதும்.

கெண்ட்ரிட்ஜ்_நடையன்

தூங்க வைக்க முடியாதவங்க நம்ம ஊர்ச் செடியை வளர்க்கலாமே. கெண்ட் ரிட்ஜ் பூங்காவுல பூச்சி பிடிக்கிற குடுவைச் செடி தானா வளருது. ராஃப்ளேசியானா, கிராசிலிஸ், அம்புல்லாரியா மூணு வகையும் சிங்கப்பூர்ல இயற்கையாவே வளர்றது, குளிரே கேட்காது. காட்டுல இருக்கிறதைத் தொட வேண்டாம், நர்சரியிலயே கிடைக்கும். நான் ஒருநாள் அங்க பாதையோரம் குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருந்தப்போ நடக்க வந்த ஒரு மலாய் பாட்டி நின்னு, "பெரியுக் கெரா"ன்னு சொன்னார். குரங்கின் பானை. சின்ன வயசுல அவங்க அம்மா அதுக்குள்ள புலூட் அரிசியும் (ஒட்டுற அரிசி) தேங்காய்ப் பாலும் ஊத்தி அவிச்சுக் கொடுப்பாங்களாம். சொல்லும்போது விரலால அந்தக் குடுவையோட விளிம்பைத் தொடாம, அதுக்கு மேலே காத்துல வட்டம் போட்டுக் காட்டினார்.

பூந்தொட்டி_தோபாயோ

எல்லாருக்கும் நன்றி. ஐயா, வாதம் வேண்டாம், என்கிட்ட இப்ப ரெண்டு செடி இருக்கு. ஒண்ணை ஃபிரிட்ஜ்ல வைக்கிறேன், ஒண்ணை அப்படியே ஜன்னல் ஓரத்துல விடுறேன். ரெண்டும் ஒரே வெயில், ஒரே மழைத்தண்ணி. மகள்தான் வாய் அளவை மில்லிமீட்டர்ல எழுதுறாள், இப்ப அவ உயர்நிலை 1.

நேத்து பையில போடறதுக்கு முன்னாடி கிழங்கை அவ கையில கொடுத்தேன். அமுக்கிப் பார்த்துட்டு, "கெட்டியா இருக்கும்மா"ன்னா. மாறன் தம்பி, பாசியை எவ்வளவு பிழியணும்? கையில சொட்டு விழக்கூடாதா, இல்ல ஒண்ணு ரெண்டு சொட்டு விழலாமா?